சேற்றில் பிறக்காத சேற்றுப்புண்

பதின்வயதுப் பிள்ளைகளின் கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து அரிக்கும் நோயைத் தமிழ்நாட்டில் சேற்றுப்புண் என்கிறார்கள். பெயரே காரணத்தையும் சொல்லிவிடுவதால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. சேற்றில் கால் வைத்தான், வந்தது. அழுக்குக் காலோடு திரிந்தான், வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் வராது. வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கித் தடவினால் நாலு நாளில் போய்விடும். வீட்டிலும் பள்ளியிலும் மருந்துக்கடையிலும் வழங்கும் கருத்து இதுதான். பள்ளிப் பிள்ளையின் காலுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. வெறும் அறியாமையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கருத்தின்படி நடப்பதாலேயே, ஒரு மாதத்துக்குள் தீரவேண்டிய நோய் பல பிள்ளைகளிடம் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது.

நோயை உண்டாக்குவது பூஞ்சை. டிரைக்கோபைட்டான் ரூப்ரம், டிரைக்கோபைட்டான் இன்டர்டிஜிட்டேல், எப்பிடெர்மோபைட்டான் ஃப்ளோக்கோசம் ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை. தோலின் மேற்படலம், நகம், முடி ஆகியவற்றைக் கட்டும் கெரட்டின் என்ற புரதத்தைக் கரைத்து உண்பவை இவை. உடலுக்குள் ஆழமாகப் போவதில்லை; இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மேற்படலத்திலேயே வாழ்கின்றன. சேற்றின் மேல் சுமத்தும் பழிக்கு முதல் மறுப்பு இங்கேயே கிடைக்கிறது. தோல் பூஞ்சைகளில் மண்ணில் வாழ்பவை, விலங்குகளில் வாழ்பவை, மனிதரில் வாழ்பவை என்று மூன்று வகை உண்டு. மேலே சொன்ன மூன்றும் மனிதரையே வீடாகக் கொண்டவை. வயல் சேற்றிலோ மைதானத்து மண்ணிலோ அவற்றின் குடியிருப்பு இல்லை. ஒருவர் காலிலிருந்து உதிர்ந்த தோல் செதிலின் வழியாகவே அவை இன்னொருவர் காலுக்குப் போகின்றன.

அப்படியானால் பெயர் எப்படி வந்தது? நடவு வயலில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் பெண்களின் காலில் வரும் புண்ணுக்கு வைத்த பெயர் அது. அந்தப் புண் உண்மையானது, வேதனை மிகுந்தது. மணிக்கணக்கில் நனையும் தோல் ஊறிப் போகிறது. ஊறிய தோலில் பாக்டீரியாவும் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகையும் பெருகுகின்றன. அந்தப் பெண்களின் தொழில் சார்ந்த நோய் என்று அதைச் சொல்வதே சரி. நகரத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் நடவு வயலைப் பார்த்ததுகூட இல்லை. அவன் காலில் இருப்பதற்கும் அதே பெயர் சூட்டப்பட்டதால், அந்தப் புண்ணின் காரணமும் சேர்ந்து அவன் தலையில் விழுந்துவிட்டது.

பெயரால் பழி இடம் மாறியது இந்த ஒரு முறை மட்டுமல்ல. டிரைக்கோபைட்டான் ரூப்ரத்தை விவரித்தவர் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி. காலம் 1910ஐ ஒட்டி. இதே பூஞ்சை தொடை இடுக்கில் உண்டாக்கும் அரிப்பை அன்றைய ஆங்கிலேயர்கள் சலவைத் தொழிலாளியின் பெயரால் அழைத்தார்கள். தங்கள் வியர்வையிலும் இறுக்கமான உடுப்பிலும் வளர்ந்த நோய்க்கு, துணி வெளுத்துக் கொடுத்தவர்மீது குற்றம் சாட்டினார்கள். அந்தப் பெயர் இன்றும் சில மருத்துவ நூல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காரணம் சேறும் அல்ல, தொழிலாளியும் அல்ல என்றால் எது? காலை மூடும் ஷூ. பூஞ்சையியல் நூல்கள் சொல்லும் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. தென்கிழக்கு ஆசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் நெடுங்காலமாக இருந்தது. ஆனால் வெறுங்காலோடு நடந்த அந்த மக்களிடம் அது உடம்புத் தோலில் படர்தாமரையாகவே காணப்பட்டது. பூட்ஸ் அணிந்து வந்த ஐரோப்பியப் படையினரும் குடியேறிகளும் அதே பூஞ்சையைக் காலில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில், போர்களும் பயணங்களும் பெருகப் பெருக, அது உலகெங்கும் கால் நோயாகப் பரவியது. பூஞ்சை பழையது; அதற்குக் காலில் இடம் அமைத்துக் கொடுத்தது ஷூ.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. வியர்வைச் சுரப்பிகளோ உடம்பில் வேறெந்த இடத்தையும்விட உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. வெயிலுக்கு மட்டுமல்ல, பரீட்சை பயத்துக்கும் அவை சுரக்கும். செருப்பில் அந்த வியர்வை காற்றோடு போய்விடும். ஷூவுக்குள் போக வழியில்லாமல் சாக்ஸில் தேங்கி, விரல் இடுக்கை நனைத்துக்கொண்டே இருக்கும். நான்காம் விரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று மிக நெருக்கி நிற்பதால், பெரும்பாலும் நோய் அங்கேதான் தொடங்குகிறது. எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்தாலே போதும்: மண் ஒட்டுவது குதிகாலிலும் பாதத்திலும், நோய் வருவது காற்றுப் போகாத இடுக்கில்.

ஏன் பதின்வயதில்? பருவமடைவதற்கு முன் இந்த நோய் அவ்வளவாக வருவதில்லை. மண்ணில் புரண்டு விளையாடும் ஆறு வயதுக் குழந்தைக்கு அரிதாகவும், மண்ணை விட்டு விலகிவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அடிக்கடியும் வருகிற நோயை அழுக்கின் நோய் என்று எப்படிச் சொல்வது? பதின்வயதில் வியர்வை கூடுகிறது, ஷூ அணியும் நேரமும் கூடுகிறது. காலை ஏழரைக்குப் பள்ளி வேனில் ஏறும் பிள்ளை மாலை சிறப்பு வகுப்பும் ட்யூஷனும் முடித்து வீடு வரும்போது ஷூ காலில் ஏறிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நடுவே பி.டி. பீரியடில் அதே ஷூவோடு ஓட்டம். என்.சி.சி. மாணவருக்குக் கனத்த பூட்ஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷூ ஒரே இரவில் காய்வதில்லை. மறுநாள் ஈரத்தோடேயே காலில் ஏறுகிறது. இத்தனைக்கும் காரணமாகிற சீருடை விதியைக் கேள்வி கேட்காமல், பிள்ளையின் சுத்தத்தைக் கேள்வி கேட்கிறார்கள்.

ஷூவே வேண்டாம் என்பதல்ல வாதம். முள், கண்ணாடி, கொக்கிப்புழு ஆகியவற்றிலிருந்து காலணி காக்கிறது. மைதானத்தில் ஓடும் காலுக்கு ஷூ அவசியம். ஆனால் வகுப்பறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் காலுக்கு அது எதற்கு? கடல் காற்றின் ஈரம் ஆண்டு முழுதும் குறையாத சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில், குளிர்நாட்டு வழக்கமான சாக்ஸும் மூடிய ஷூவும் ஒழுக்கத்தின் அடையாளமாகக் கருதப்படுவதில் மருத்துவ நியாயம் எதுவும் இல்லை. மழைக்காலத்திலாவது திறந்த செருப்பை அனுமதிப்பது, பள்ளிகள் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய தடுப்பு.

சுத்தம் பற்றிய அறிவுரை இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. முதலாவது, அவமானம். கால் நாறுகிறது, குளிக்க மாட்டாய் என்று வகுப்பில் ஒரு முறை சொல் வாங்கிய பிள்ளை, அதன்பிறகு ஷூவைக் கழற்றவே கூசும். காற்று பட வேண்டிய கால் இன்னும் மூடியே கிடக்கும்; வீட்டிலும் சொல்லாது. பெண் பிள்ளைகள் இதை மறைப்பது இன்னும் அதிகம். இரண்டாவது, தண்ணீர். அழுக்குதான் காரணம் என்று நம்புகிறவர்கள் நாளுக்கு நான்கு முறை காலைக் கழுவுகிறார்கள், டெட்டால் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். ஆனால் விரல் இடுக்கைத் துடைப்பதில்லை. கழுவிய ஈரத்தோடேயே சாக்ஸ் ஏறுகிறது. பூஞ்சைக்குத் தேவையான ஈரத்தைச் சுத்தத்தின் பெயரால் ஊட்டுவதாக அது முடிகிறது. கழுவுவது நல்லதுதான். ஆனால் நோயைத் தடுப்பது கழுவிய பின் நடக்கும் வேலை: துண்டின் நுனியை ஒவ்வோர் இடுக்கிலும் நுழைத்து ஒற்றி எடுத்து, சில நிமிடம் காற்றாட விட்ட பிறகே சாக்ஸ் அணிவது.

சாக்ஸ் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு: பருத்தி என்றால் போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், உண்மை. உறிஞ்சியதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. நனைந்த பருத்தி சாக்ஸ் ஈரத்துணி சுற்றிய காலுக்குச் சமம். எந்தத் துணி என்பதைவிட எத்தனை முறை மாற்றுவது என்பதே முக்கியம். பையில் இன்னொரு ஜோடி வைத்திருந்து, விளையாட்டு முடிந்ததும் மாற்றுவதில் கிடைக்கும் பலன் விலை உயர்ந்த சாக்ஸில் கிடைக்காது. ஷூவுக்கும் இதே கணக்கு. இரண்டு ஜோடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் அணியலாம். ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்ற வீட்டில், மாலையில் நாடாவைத் தளர்த்தி, உள்அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்தால் காலையில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். சாக்ஸை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் காயப்போடுவது பூஞ்சையைக் குறைக்கும். நம் ஊர் வெயிலுக்கு இந்த ஒரு நன்மையாவது உண்டு.

தொற்று எங்கிருந்து வருகிறது என்பதிலும் பொதுக் கருத்து தவறான திசையைக் காட்டுகிறது. விடுதிக் குளியலறை, நீச்சல் குளத்தின் ஈரத்தரை, இரவல் வாங்கிய ஷூ ஆகியவை உண்மையான வழிகள். அங்கெல்லாம் ரப்பர் செருப்பு அணிவது பாதுகாப்பு. உதிர்ந்த செதிலுக்குள் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் பல வீடுகளில் ஊற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தடித்து, மஞ்சளாகி, ஓரம் பொடிந்துகொண்டிருக்கும் அப்பாவின் கால்நகம் பெரும்பாலும் அதே பூஞ்சையின் சேமிப்புக் கிடங்கு. வயதானால் நகம் அப்படித்தான் என்று அதை விட்டுவிட்டு, பிள்ளை எங்கோ வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்ததாகத் திட்டுகிறார்கள். அந்த அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், கால் இடுக்கில் விழும் சிறு வெடிப்பும் பாக்டீரியா நுழையும் வாசலாகி, பெரிய புண்ணில் கொண்டுபோய் விடலாம். பிள்ளையின் சேற்றுப்புண் அற்பமானது என்று ஒதுக்கக் கூடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, மருந்து. வீட்டு வைத்தியத்தில் மருதாணி, மஞ்சள், வேப்பெண்ணெய் ஆகியவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. மருதாணிச் சாயத்துக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சை அடங்குவது வேறு, தோலின் அடுக்குகளுக்குள் அதை வேரறுப்பது வேறு. உறுதியான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மாதக்கணக்கில் இவற்றை நம்பிக் காத்திருப்பதற்கு நியாயம் இல்லை. மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், பேட்டரி நீர் போன்றவற்றைத் தடவுவதோ தீங்கு மட்டுமே தரும். வெந்து போன தோலில் தொற்று இன்னும் எளிதாக ஏறும்.

பெரிய தீங்கு செய்வது மருந்துக்கடை ட்யூப். அரிப்பு என்று சொன்னதும் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் மூன்று, நான்கு மருந்துகள் கலந்த களிம்பு: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கிவிடும். அதுதான் ஏமாற்று. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு நடத்தும் போராட்டத்தின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்குகிறது, பூஞ்சையை அல்ல. காவலை விலக்கிவிட்டதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. ட்யூபை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகத் திரும்புகிறது; மறுபடி அதே ட்யூப். ஸ்டீராய்டால் உருமாறி அடையாளம் தெரியாமல் போகும் இந்தப் பூஞ்சை நோயை மருத்துவர்கள் 1968இலேயே தனிப் பெயரிட்டு விவரித்துவிட்டார்கள். வளரும் வயதுப் பிள்ளையின் தொடை இடுக்கில் அதே களிம்பைத் தடவினால் தோல் மெலிந்து, கோடு கோடாக விழும் தழும்பு வாழ்நாள் முழுக்க மறையாது. 2018இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்த 328 கூட்டு மருந்துகளில் இத்தகைய களிம்புகள் சிலவும் அடங்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் போராடி வருகிறது. ஆனாலும் சீட்டு கேட்காத கடைகள் குறையவில்லை. கடைக்காரர் தந்தது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரே பதில்: அடங்கியது அரிப்பு மட்டுமே.

தேவைப்படுவது ஒரே மருந்து மட்டும் உள்ள களிம்பு. அட்டையின் பின்பக்கத்தில் க்ளோட்ரிமசோல், மிக்கோனசோல், டெர்பினாஃபைன் போன்ற பெயர்களில் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். "சோன்", "சால்" என்று முடியும் இரண்டாவது பெயர் தெரிந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. க்ளோட்ரிமசோலை நாளுக்கு இரு வேளை, பொதுவாக நான்கு வாரம் தடவ வேண்டும். விரல் இடுக்கு நோய்க்கு ஒரு சதவீத டெர்பினாஃபைன் ஒரு வாரத்திலேயே போதுமானதாக இருப்பதுண்டு. ஏன் இந்த வேறுபாடு என்று தெரிந்துகொண்டால் நடுவில் நிறுத்தும் பழக்கம் தானே போய்விடும். க்ளோட்ரிமசோல் வகை மருந்துகள் பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்து வைக்கின்றன. பூஞ்சை ஏறிய பழைய தோல் முழுவதும் உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை மருந்து காவல் நிற்க வேண்டும். உள்ளங்கால் தோல் தடிமனானது, அது உதிர வாரங்கள் ஆகும். டெர்பினாஃபைன் பூஞ்சையைக் கொல்லும். நிறுத்திய பின்னும் தோலில் சில நாள் தங்கும். எந்த மருந்தானாலும் காய்ந்த காலில், புண் தெரியும் இடத்தைத் தாண்டிச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும். தோல் பார்வைக்குத் தெளிந்த பிறகும், சொன்ன நாள் முடியும்வரை நிறுத்தக் கூடாது. ஈஸ்ட்டுக்குத் தரும் நிஸ்டாட்டின் இந்தப் பூஞ்சைகளிடம் பலிக்காது. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த விட்ஃபீல்ட் களிம்பு நூற்றாண்டு பழையது, விலை குறைந்தது, தடித்த உள்ளங்கால் தோலுக்கு இன்றும் பயன்படுவது. வெடித்த, நீர் வடியும் இடுக்கில் தடவினால் மட்டும் எரிக்கும்.

நீர் வடிந்து, நாற்றம் எடுத்து, நடக்க வலிக்கும் நிலை வந்தால் களிம்பு மட்டும் போதாது. பூஞ்சை தொடங்கிய இடத்தைப் பாக்டீரியா கைப்பற்றிக்கொள்வதால் வரும் நிலை அது. லேடன், க்ளிக்மன் என்ற இரு தோல் மருத்துவர்கள் 1978இல் இந்த வரிசையை விளக்கிக் காட்டினார்கள். வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் சிறிது நேரம் காலை வைத்து, நன்றாக உலர்த்தி, மருத்துவரைப் பார்ப்பதே முறை. கரையாத துகள் தோலைச் சுட்டுவிடும் என்பதால் முழுக்கக் கரைந்ததா என்று பார்க்க வேண்டும். சிவப்பு பாதத்தின் மேல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலில் வருவதெல்லாம் பூஞ்சையும் அல்ல. பாதத்தின் மேற்புறத்தில், ஷூ உரசும் இடத்தில் மட்டும் அரித்து, இடுக்கு சுத்தமாக இருந்தால், ஷூவின் ரப்பர் அல்லது தோல் பதனிடும் குரோமியம் தரும் ஒவ்வாமையாக இருக்கலாம். உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோல் சிறு பள்ளங்களும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாவின் வேலை. பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முன்பாதம் பளபளத்து வெடித்தால் பெரும்பாலும் அது ஒருவகைக் கரப்பான். இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு: ஓரத்துத் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். மூன்று ட்யூப் வாங்கும் பணத்தில் இந்தச் சோதனையை முடித்துவிடலாம்.

முறையாகத் தடவியும் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால், நகம் பாதிக்கப்பட்டிருந்தால், உள்ளங்கால் முழுதும் செதிலாக உரிந்தால், மாத்திரை தேவைப்படலாம். அதை வயதும் எடையும் பார்த்துத் தோல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்ற பூஞ்சை, 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. அதன் பல வகைகள் டெர்பினாஃபைனுக்கு அடங்குவதில்லை. அது பெரும்பாலும் உடம்பிலும் தொடை இடுக்கிலும் வருவது என்றாலும், பழைய சீட்டை வைத்துக்கொண்டு தானாக மாத்திரை வாங்கும் வழக்கத்துக்கு அது எச்சரிக்கை. கால் நோய் தீரும்வரை காலைத் துடைக்கும் துண்டு தனியாக இருக்க வேண்டும். உடுத்தும்போது முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி என்ற வரிசையில் போட்டால் காலின் பூஞ்சை தொடை இடுக்குக்குப் போகும் வாய்ப்பு குறையும். பிள்ளைக்கு மருந்து தொடங்கும் அதே வாரத்தில் வீட்டிலுள்ள மற்றவர்களின் கால் இடுக்கையும் நகத்தையும் பார்த்து, இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும்.